இன்று வராத பிள்ளைகள்

உப்பளத்தில் நல்ல தண்ணி குடிக்க மட்டும்தான். கை கழுவ யாரும் அதைத் தொடுவதில்லை. றம்ஸியா கவுனுக்கு மேலே போட்டிருந்த புருசனின் பழைய சேட்டின் முனையில் விரல்களைத் துடைத்துவிட்டு, தென்னோலைக் கிடுகுக் கொட்டிலின் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். குதிக்கால் வெடிப்புக்குள் உப்பு ஏறி எரிந்துகொண்டிருந்தது.

கிழக்கே மேகம் கறுத்து வந்தது. மழை விழுந்தால் பாத்திகளில் விளைந்து கிடக்கிற உப்பு முழுவதும் திரும்பத் தண்ணியாகிவிடும். அதனால் அந்தக் கிழமை பெண்கள் எல்லாரையும் விடியச் சுபஹு தொழுத கையோடு வரச் சொல்லியிருந்தார்கள். பலகையால் வாரி, கூடையில் அள்ளி, வழுக்குகிற வரம்பு வழியே சுமந்து, மேட்டில் குவித்து, கிடுகால் மூடவேண்டும். தேத்தண்ணி நேரம் ஒன்றுதான் ஆறுதல். பேக்கரிப் பாணைப் பிய்த்துச் சம்பலோடு வாய்க்குள் வைத்துக்கொண்டு ஊர்க்கதை எல்லாவற்றையும் அந்த நேரத்துக்குள் கதைத்து முடிப்பார்கள்.

றம்ஸியாவின் மகளோடு படிக்கிற இல்மாவின் உம்மாதான் போனை எடுத்தாள். புருசன் கட்டாரில் இருப்பதால் அவளிடம் நல்ல போன் இருந்தது. ஸ்கூல் வட்ஸ்அப் குரூப்பில் பிரின்சிபல் அனுப்புகிற குரல் பதிவைக் காலையில் எல்லாருக்கும் கேட்கப் போட்டுக் காட்டுவது அவளுக்கு ஒரு வழக்கம். முந்தின இரண்டு நாளும் டேட்டா முடிந்திருந்ததால் போட முடியவில்லை. நாவலடிக் குடியேற்றத்துப் பெண்களில் பாதிப்பேர் இன்னமும் பட்டன் போன்தான் வைத்திருந்தார்கள். றம்ஸியாவும் அப்படித்தான்.

“அஸ்ஸலாமு அலைக்கும். பெற்றார்களின் கவனத்துக்கு. இன்று பாடசாலைக்கு வராத பிள்ளைகள்...”

பிரின்சிபல் செய்னுலாப்தீன் சேரின் குரல் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கேட்பதுபோல நிதானமாக வந்தது. ஒவ்வொரு வகுப்பாகப் பெயர்களைச் சொன்னார். பெண்கள் பாணைத் தின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“தரம் ஒன்பது. றிஃப்னா முஹ்ஸின். இந்தப் பிள்ளை இன்றும் வரவில்லை. பெற்றார் உடனே கவனமெடுக்கவும்.”

றம்ஸியா பாண் துண்டை மடியில் வைத்தாள். காலையில் அவள் வெளிக்கிடும்போது மகள் றிஃப்னா வெள்ளைச் சீருடையை மேசையில் விரித்து அயன் பண்ணிக்கொண்டு நின்றாள். நேற்றும் அப்படித்தான். பின்னேரம் வந்து புத்தகப் பையைக் கதிரையில் வைத்ததையும் றம்ஸியா கண்ணால் கண்டிருந்தாள்.

“என்ன தாத்தா, மகளுக்குச் சுகமில்லையா?” என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். அக்காவையும் மூத்த பெண்ணையும் தாத்தா என்பது அவர்கள் வழக்கம்.

“ஓம். காய்ச்சல்” என்றாள் றம்ஸியா. எப்படி அந்தச் சொல் வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

இல்மாவின் உம்மா போனை மடியில் வைத்தாள். “காய்ச்சலா? நேத்து எல்லாருக்கும் பாண் வாங்கப் போன நேரம் நான் சந்தியில கண்டேனே. யூனிபோமோட கோயிலடிப் பக்கம் போச்சு. நான் கூப்பிட்டன், திரும்பிப் பாக்கல்ல.”

ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் றம்ஸியாவுக்குக் கூடுதலாகக் குத்தியது. இந்தப் பெண்கள் கதைக்காமல் இருந்தால், பிறகு தனித்தனியாகக் கதைக்கப்போகிறார்கள் என்று அர்த்தம்.

அவளால் வேலையை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. மேகம் தலைக்கு மேலே வந்துவிட்டது. சூப்பவைசர் வரம்பில் நின்று கத்திக்கொண்டிருந்தார். றம்ஸியா கூடைக்கு மேல் கூடை சுமந்தாள். கோயிலடியில் என்ன இருக்கிறது? அந்தோனியார் கோயிலும், கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பங்களின் வீடுகளும், அதற்கு அங்கால, கடலோடு சேர்ந்த ஏரியான களப்பின் கரையில் வலை காயப்போட்டு மீனவர் தங்குகிற வாடிகளும். வாடிகளில் இளந்தாரிப் பொடியன்மார் இருப்பார்கள். அதற்கு மேல் நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது. மழை கடைசியில் கரைத்தீவுப் பக்கமாகத் திரும்பிப் போய்விட்டது. உப்பு தப்பியது. பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

பின்னேரம் றிஃப்னா வழக்கமான நேரத்துக்கு வந்தாள். சீருடையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. றம்ஸியா அடுப்படியில் மீனைக் கழுவிக்கொண்டு முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

“இண்டைக்கு என்ன படிப்பிச்சாங்க?”

“கணக்கு. சமன்பாடு.”

“டீச்சர் வந்தாவா?”

“ஓம் உம்மா.”

றம்ஸியா திரும்பிப் பார்த்தாள். மகளின் முகத்தில் களவு ஒன்றும் தெரியவில்லை. களைப்புத்தான் தெரிந்தது. கையை ஓங்கலாம் என்று வந்தது, ஓங்கவில்லை. கொட்டிலில் தானும் ஒரு பொய் சொல்லிவிட்டு வந்திருப்பது ஞாபகம் வந்தது. மீனைச் சட்டியில் போட்டு, புளி கரைத்து ஊற்றி, மீன் ஆணத்தை மூடினாள். புருசன் முஹ்ஸினுக்கு ஒரு கோல் எடுப்போமா என்று போனைத் தூக்கியவள் திரும்ப வைத்துவிட்டாள். அவர் கற்பிட்டியில் ஃபைபர் வள்ளம் திருத்துகிற யாட் ஒன்றில் வேலை. வியாழக்கிழமை பின்னேரம்தான் வீட்டுக்கு வருவார். நல்ல மனிசன். ஆனால் ஊர் கதைக்கும் என்றால் காது சிவந்துவிடும். மூத்த மகளின் படிப்பை நிறுத்தி, ஒன்றரை வருடத்தில் கலியாணம் முடித்துக் கொடுத்ததும் ஊர் கதைக்கும் என்ற பயத்தில்தான்.

அடுத்த நாள் அவள் உப்பளத்துக்குப் போகவில்லை. போவதுபோல வெளிக்கிட்டு, சந்தியில் இருக்கிற பேக்கரிக்குப் பின்னால் நின்றாள். பிள்ளைகள் வெள்ளை வெள்ளையாகப் போனார்கள். கடைசியாக றிஃப்னா வந்தாள். புத்தகப் பையை முதுகில் தாழ இறக்கிப் பிடித்திருந்தாள். ஸ்கூல் ரோட்டுக்குத் திரும்பவில்லை. களப்பு ரோட்டில் இறங்கினாள்.

றம்ஸியா தூரத்திலேயே பின்னால் நடந்தாள். காற்றில் கருவாட்டு வாடை வந்தது. மகள் கோயிலைக் கடந்தாள். வாடிகளுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை பிரிகிற இடத்தில் றம்ஸியா நடையை எட்டிப் போட்டாள். றிஃப்னா அந்தப் பாதையில் போகவில்லை. தென்னைமரத்தடியில் இருந்த ஒரு நீலச் சுவர் வீட்டின் படலையைத் தள்ளிக்கொண்டு, சொந்த வீட்டுக்குள் போவதுபோல உள்ளே போனாள்.

முற்றத்தில் ஒரு பெண் பலகையில் குந்தியிருந்து இறால் கோது உரித்துக்கொண்டிருந்தாள். பெரிய பேசின் நிறைய இறாலும் ஐஸும். றம்ஸியா படலையில் நிற்பதைக் கண்டதும் அவள் கையை உதறிவிட்டு எழுந்தாள்.

“றிஃப்னாட அம்மாவா?”

“ஓம். என்ட மகள் இஞ்ச என்ன செய்யிறா?”

“உள்ள வாங்க தங்கச்சி. ரோட்டில நிண்டு கதைக்கத் தேவையில்ல.”

அவள் பெயர் ஜூலியானா. புருசன் பஸ்தியான் களப்பில் இறாலுக்குப் போகிறவன். வீட்டுக்குப் பின்பக்கத்தில், வாழைமரங்களுக்கு நடுவில், ஒரு சின்னச் சீமெந்துக் கட்டடத்தின் இரும்புக் கதவு மூடியிருந்தது. உள்ளே தண்ணி விழுகிற சத்தம் கேட்டது.

“கக்கூஸுக்குப் போயிருக்கு. வரட்டும்” என்றாள் ஜூலியானா. “நீங்க இருங்க.”

றம்ஸியா இருக்கவில்லை. “இத்தனை நாளா என்ட மகளை இஞ்ச வைச்சிருக்கிறீங்க. எனக்கொரு சொல் சொல்லல்லையே. உங்களுக்கும் புள்ளைகள் இருக்கும்தானே?”

“இருக்கு. ஒரு பெட்டைப் பிள்ளை. றஜிதா. சிலாபத்தில சிஸ்டர்மாரிட்ட நிண்டு படிக்குது.” ஜூலியானா குரலை உயர்த்தவில்லை. “போன மாசம் உங்கட பிள்ளை இந்த மதிலோட ஒட்டிக்கொண்டு நிண்டது. பையை இடுப்புக்குக் கீழ இறக்கிப் பிடிச்சுக்கொண்டு, முன்னுக்கும் போகாமல் பின்னுக்கும் போகாமல். பொம்பிளைக்கு அது என்னெண்டு தெரியாதா? கூப்பிட்டு உள்ள விட்டன். றஜிதாட பாவாடை ஒண்டைக் குடுத்தன். இந்த மாசம் அதுவாகவே வந்து, ‘ஆன்ட்டி, இந்த ஒரு சில நாள் மட்டும் இஞ்ச இருந்து படிக்கட்டா’ எண்டு கேட்டுது. வீட்டில சொல்லு எண்டு தினமும் சொல்லுறனான். உங்கட நம்பரைக் கேட்டால் தர மாட்டன் எண்டுது. இண்டைக்குப் பின்னேரம் நானே வாறதாத்தான் இருந்தன்.”

றம்ஸியா அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தாள். வாடிப் பொடியன்மார், ஊர்ச்சனம், கலியாணம் என்று ராத்திரி முழுக்க அவள் பார்த்த படங்கள் எல்லாம் ஒரு பக்கம். இந்த மூடிய கதவும் தண்ணிச் சத்தமும் ஒரு பக்கம்.

றிஃப்னா வெளியே வந்து உம்மாவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு அழத் தொடங்கினாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க.

“அழாதீங்க. இஞ்ச வாங்க மக.” றம்ஸியா கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினாள். “ஸ்கூலில டொயிலட் இல்லையா?”

“இருக்கு. கதவில்ல. போன வருசக் காத்துக்குக் கழண்டு விழுந்தது. சாக்குக் கட்டினாங்க. அதையும் ஆரோ கழட்டிட்டாங்க. இப்ப அதுக்கு நேர மாடி கட்டியிருக்கு உம்மா, பொடியன்மார்ட வகுப்பு. மேல நிண்டா உள்ள தெரியும். தண்ணியும் இல்ல. மோட்டர் எரிஞ்சு போச்சு.”

“அப்ப நீங்க எல்லாரும்?”

“மத்த நாளில அடக்கிக்கொண்டு இருப்பம். தண்ணி குடிக்க மாட்டம். இந்த நாளில ஏலாது.” தலையைக் குனிந்துகொண்டாள். “மத்தவங்க காய்ச்சல் எண்டு வீட்டில நிப்பாங்க. இல்மாவும் அப்படித்தான்.”

“நீங்களும் என்னட்டச் சொல்லிட்டு வீட்டில நிண்டிருக்கலாமே.”

றிஃப்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜூலியானா எழுந்து அடுப்படிக்குள் போனாள்.

“தாத்தாவும் மாசாமாசம் வீட்டில நிண்டாதானே உம்மா. பிறகு பாடம் விளங்கல்ல எண்டா. விளங்கல்ல எண்டோன வாப்பா, அப்ப என்னத்துக்குப் போறது எண்டு நிப்பாட்டிட்டார். எனக்கு நிப்பாட்ட வேணாம். அதுதான் நான் வீட்டில நிக்கல்ல.”

களப்புக் காற்று வாழை இலைகளைக் கிழித்துக்கொண்டு போனது. றம்ஸியா மூத்தவளை நினைத்தாள். அவள் படிப்பில் மொக்கு என்றுதான் இத்தனை காலம் வீட்டில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளும் அப்படித்தான் தன்னைப் பற்றிச் சொல்லுவாள். சிரித்துக்கொண்டே சொல்லுவாள்.

ஜூலியானா இஞ்சி போட்ட ப்ளேன்டீயும் இரண்டு பனங்கட்டித் துண்டும் கொண்டு வந்து வைத்தாள். “குடிச்சிட்டுப் போங்க தங்கச்சி. ஸ்கூலுக்குத்தானே போறீங்க?”

“ஓம்” என்றாள் றம்ஸியா. அதுவரை அவள் அப்படி நினைத்திருக்கவில்லை.

ஸ்கூலில் முதலில் வகுப்பாசிரியை ஸஃப்னா டீச்சரைத்தான் கண்டாள். புத்தளம் டவுனில் இருந்து பஸ்ஸில் வந்து போகிற இளம் பிள்ளை. மரத்துக்குக் கீழே கூட்டிக்கொண்டு போய் றம்ஸியா விசயத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல டீச்சரின் முகம் மாறியது.

“எனக்குத் தெரியும் தாத்தா” என்றாள் கடைசியில். “நானும் காலையில வீட்டில இருந்து வெளிக்கிட்டா, பின்னேரம் போய்ச் சேரும் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கிறல்ல. போன மாதம் டொக்டரிட்டயும் போனன். சிறுநீர்ப்பையில கிருமியாம்.”

“சேரிட்டச் சொல்லல்லையா?”

“எப்படிச் சொல்றது? கதவு இல்ல எண்டு பொதுவாச் சொன்னன். பார்ப்பம் எண்டார். அதுக்கு மேல ஒரு ஆம்புளையிட்ட எனக்குச் சொல்ல வரல்ல. பிறகு வராதவங்கட பேர்களை எழுதிக் குடுக்கச் சொன்னார், எழுதிக் குடுத்துக்கொண்டு இருந்தன்.”

“வாங்க. ரெண்டு பேரும் போய்ச் சொல்லுவம்.”

செய்னுலாப்தீன் சேர் கெட்டவர் அல்ல. போன வருடம் பெரிய வகுப்புப் பொடியன்மார் சிலர் சீருடையைப் பைக்குள் மடித்து வைத்துவிட்டு வெங்காயத் தோட்டங்களுக்கும் வள்ளங்களுக்கும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. அதற்காகத்தான் காலையில் பெயர் சொல்லி அனுப்புகிற முறையைக் கொண்டுவந்தார். வாப்பாமார் ஓடிவந்தார்கள். பொடியன்மார் திரும்பி வந்தார்கள். அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

றம்ஸியாவைக் கண்டதும், “வாங்க, நல்லதாப் போச்சு. மகளைப் பத்தி நானே ஆள் அனுப்ப இருந்தன். வோய்ஸ் கேட்டீங்கதானே?” என்றார்.

“கேட்டன் சேர். உப்பளத்தில வைச்சு, எல்லாரும் இருக்கக் கேட்டன்.”

“நல்லது.”

“சேர், கோவிக்காதீங்க. மகள் வரல்ல எண்டு எனக்குச் சொன்னது நல்லது. எனக்கு முதல் ஊருக்குச் சொன்னதுதான் நல்லதில்ல. எனக்கு அந்தக் குரூப்பும் இல்ல, அந்த போனும் இல்ல. இப்ப என்ட மகள் வாடிப் பக்கம் பொடியனோட போறா எண்டு ஊர் கதைக்கும். அவ எங்க போனா தெரியுமா சேர்? ஒரு வீட்டுக்குப் போனா. அங்க கதவுள்ள டொயிலட் இருக்கு.”

சேர் கண்ணாடியைக் கழற்றினார். விளங்காதவர்போலப் பார்த்தார். றம்ஸியா டீச்சரின் பக்கம் திரும்பினாள். அப்போது ஸஃப்னா டீச்சர் பேசினாள். தரையைப் பார்த்துக்கொண்டு, ஆனால் நிறுத்தாமல் பேசினாள்.

“சேர், நான் எழுதித் தாற பேர்களில, ஆறாம் வகுப்புக்கு மேல உள்ள பொம்புளப் புள்ளைகளைப் பாருங்க. மாசாமாசம் அதே பேர் வரும். நாலஞ்சு நாள் வராது, பிறகு வரும். காய்ச்சல் இல்ல சேர். கதவில்ல, தண்ணியில்ல, மாடியில இருந்து தெரியுது. அந்த நாளில அவங்களுக்கு இஞ்ச இருக்க ஏலாது. எங்களுக்கும் ஏலாது.”

செய்னுலாப்தீன் சேர் எழுந்தார். வெளியே நடந்தார். இருவரும் பின்னால் போனார்கள். மாணவிகளின் கழிப்பறைப் பக்கம் அப்போது யாரும் இல்லை. அவர் கதவில்லாத நிலைக்கு முன்னால் நின்றார். மேலே பார்த்தார். மாடி வகுப்பில் இருந்து இரண்டு பொடியன்மார் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேரைக் கண்டதும் மறைந்தார்கள். குழாயைத் திருகினார். வறட்டுச் சத்தம் வந்தது.

“நான் இந்தப் பக்கம் வாறதே இல்ல” என்றார் மெல்ல. “ஆம்புளை வரக்கூடாத இடமெண்டு நினைச்சன். அது மரியாதை எண்டு நினைச்சன்.”

குழாயைத் திரும்ப மூடிவிட்டு, “உங்கட மகளை வரச் சொல்லுங்க. இப்போதைக்கு ஸ்டாஃப் றூமுக்குப் பக்கத்தில ஆம்புளையள் பாவிக்கிறதைப் பொம்புளப் புள்ளைகளுக்கும் டீச்சர்மாருக்கும் திறந்து விடுறன். பூட்டுத் திறப்பு டீச்சரிட்ட இருக்கும்” என்றார்.

அன்றைய பின்னேரம் குரூப்புக்கு ஒரு குரல் வந்தது. அதை றம்ஸியா மறுநாள் உப்பளத்தில்தான் கேட்டாள். இல்மாவின் உம்மாதான் போட்டாள்.

“பெற்றார்களின் கவனத்துக்கு. வராத பிள்ளைகளின் பெயர்களை இனிமேல் இதில் சொல்லமாட்டோம். வகுப்பாசிரியரே அந்த வீட்டுக்குப் போன் எடுத்துக் கதைப்பார். போன் இல்லாத வீட்டுக்கு ஆள் வருவார். என்ன காரணமென்று முதலில் கேட்போம். இதுவரை அப்படிக் கேட்காதது எங்களுடைய பிழை. ஒன்பதாம் வகுப்பு மாணவி றிஃப்னா முஹ்ஸின் வராமல் இருந்ததற்குப் பாடசாலைதான் பொறுப்பு, பிள்ளையில் ஒரு குறையும் இல்லை. மாணவிகளின் கழிப்பறையைத் திருத்துவதற்குச் சனிக்கிழமை காலை முடிந்த பெற்றார் வந்து உதவவும்.”

குரல் முடிந்த பிறகும் இல்மாவின் உம்மா போனைக் கையிலேயே வைத்திருந்தாள். தேத்தண்ணி முடிந்து எல்லாரும் எழும்பினார்கள். வரம்பில் கூடையோடு போகும்போது அவள் றம்ஸியாவுக்குப் பின்னால் நெருங்கி வந்தாள்.

“தாத்தா, என்ட மகளும் மாசாமாசம் காய்ச்சல் எண்டுதான் படுக்கிறா. நான் பெனடோல் குடுத்துக்கொண்டு இருக்கிறன்.”

றம்ஸியா கூடையைக் கவிழ்த்தாள். உப்பு சரிந்து குவியலில் விழுந்தது.

“சந்தியில கண்டதை நான் ரெண்டு மூணு பேரிட்டச் சொல்லிட்டன்” என்றாள் இல்மாவின் உம்மா. “போய்த் திருத்திச் சொல்றன்.”

“சொல்லுங்க.”

“எங்கட தம்பி நௌஃபர் எரிஞ்ச மோட்டருக்குக் கம்பி சுத்துறவன். அவனையும் கூட்டிக்கொண்டு வாறன்.”

ஆனால் கதை அவர்களுக்கு முன்னாலேயே கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வியாழக்கிழமை பின்னேரம் முஹ்ஸின் வந்த வருகையிலேயே றம்ஸியாவுக்கு விளங்கிவிட்டது. சைக்கிளைச் சுவரில் சாத்தாமல் விழ விட்டார். கையில் வழக்கமாக இருக்கிற மீன் பை இல்லை.

“எங்க அவ?”

“குர்ஆன் மதரஸாவுக்குப் போயிருக்கிறா. வருவா. நீங்க முகத்தைக் கழுவுங்க.”

“யாட்டில ஒருத்தன் கேக்கிறான், உங்கட மகள் கோயிலடியில ஆரோ பொடியனோட எண்டு. எல்லாரும் இருக்கக் கேக்கிறான். நான் என்ன சொல்றது? நாளையில இருந்து அவ போகத் தேவையில்ல. படிச்சது காணும்.”

“சாப்பிடுங்க. பிறகு கதைப்பம்.”

“எனக்குச் சோறு வேணாம்.”

றம்ஸியா சோற்றைப் போட்டு, திரளி மீன் ஆணத்தை ஊற்றி முன்னால் வைத்தாள். அவர் தொடவில்லை. அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். இத்தனை வருடச் சீவியத்தில் இந்த மாதிரி விசயத்தை அவரோடு நேராக வாய் திறந்து கதைத்ததில்லை. அந்த நாட்களில் தொழுகைப் பாயை விரிக்காமல் விடுவாள். அவரும் பார்த்தும் பாராததுபோல இருந்துவிடுவார். அவ்வளவுதான்.

இப்போது எல்லாவற்றையும் சொன்னாள். கழன்று விழுந்த கதவு, சாக்கு, மாடி, எரிந்த மோட்டர், மதிலோடு ஒட்டிக்கொண்டு நின்ற மகள், ஜூலியானா கொடுத்த பாவாடை. முஹ்ஸின் ஒரு இடத்தில் எழும்பப் பார்த்தார். “இருங்க” என்றாள். இருந்தார்.

“மூத்தவளும் இதாலதான் விட்டது. அவளுக்குப் படிப்பு ஏறல்ல எண்டு நாங்க சொன்னம். ஏறாமல் இல்ல. மாசத்தில ஒரு கிழமை பாடமே இல்லாமல் இருந்தால் ஆருக்கு ஏறும்? இவ அதைப் பாத்துட்டுத்தான் எங்களுக்குப் பொய் சொன்னா. நிப்பாட்டிருவம் எண்டு பயந்து. நீங்க இப்ப அதையேதான் சொல்றீங்க.”

முஹ்ஸின் சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விரல்களில் வள்ளத்துக்குப் பூசுகிற ரெசின் காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டினார். வெகுநேரம் சுரண்டினார்.

“மூத்தவளுக்கு இது தெரியுமா?” என்றார்.

“என்னெண்டு?”

“அவ மொக்கு இல்ல எண்டு.”

“நாளைக்கு நான் போய்ச் சொல்றன்.”

“நானும் வாறன்.” பிறகு ஆணத்தில் கையை வைத்தார். ஆறிப்போயிருந்தது. ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். “அந்தக் கதவு நிலை எவ்வளவு அகலம்?”

“எனக்கென்ன தெரியும்?”

றிஃப்னா அந்த நேரம் வாசலுக்கு வந்துவிட்டாள். வாப்பாவின் சைக்கிள் விழுந்து கிடந்த விதத்தைக் கண்டு, உள்ளே வராமல் நின்றாள். முஹ்ஸின் கழுவாத கையோடு அவளைப் பார்த்தார். அவருக்கும் வெட்கமாக இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.

“மக, ஸ்கூலில அந்தக் கதவு நிலை... கையை விரிச்சா எவ்வளவு வரும்?”

றிஃப்னாவுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. உம்மாவைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, இடைவெளி விட்டுக் காட்டினாள். முஹ்ஸின் இடது கையால் அலுமாரிக்கு மேலே தடவி அளவு நாடாவை எடுத்து, மகளின் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தார்.

“சரியான அளவு நாளைக்குப் போய் எடுக்கலாம்” என்றார். “மரக்கதவு போட்டா இந்த உப்புக் காத்துக்கு ரெண்டு மழை தாங்காது. ஃபைபரில செய்யணும்.”

வெள்ளிக்கிழமை காலை முஹ்ஸின் ஸ்கூலுக்குப் போய் நிலையை அளந்தார். ஜும்ஆவுக்குப் பிறகு அவரும் றம்ஸியாவும் மூத்தவள் வீட்டுக்குப் போய் வந்தார்கள். அங்கே என்ன கதைத்தார்கள் என்று றிஃப்னாவுக்குச் சொல்லவில்லை. திரும்பி வந்ததும் முஹ்ஸின் கற்பிட்டி பஸ்ஸில் ஏறிப்போனார். யாட் முதலாளியிடம் கேட்டு, வள்ளங்களுக்கு வெட்டி மிஞ்சின ஃபைபர்ப் பாய்த் துண்டுகளை அடுக்கடுக்காக விரித்து, ரெசின் பூசி, ஒரு கதவை வார்த்தார். உள்ளுக்கு மரச்சட்டம் வைத்தார். வள்ளத்துக்குப் பூசுகிற நீலந்தான் கையில் இருந்தது. அதையே பூசினார்.

சனிக்கிழமை காலை சின்ன லொறியில் கதவு வந்தது. ஸ்கூலில் உப்பளத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். கிணற்றடியில் இருந்து புதுக் குழாய்க்கு மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார்கள். உப்பு வாரிப் பழகின கைகளுக்கு மணல் ஒரு வேலையாகவே தெரியவில்லை. நௌஃபர் மோட்டரைக் கழற்றிப் பிரித்துப் போட்டிருந்தான். செய்னுலாப்தீன் சேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மாடி ஜன்னல்களுக்குத் தகரம் அடிக்க ஏணி பிடித்துக்கொண்டிருந்தார். ஜூலியானா ஒரு பெரிய சட்டியில் இறால் பொரித்துக் கொண்டு வந்திருந்தாள். இல்மாவின் உம்மா முதல் ஆளாகப் போய் அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். ஸஃப்னா டீச்சர் பாண் வெட்டினாள்.

முஹ்ஸின் யாரோடும் அதிகம் கதைக்கவில்லை. நிலையைச் செதுக்கி, கீல் பிணைச்சல் பூட்டி, கதவைத் தூக்கி நிறுத்தினார். பொருந்தியது. உள்பக்கத்தில் தாழ்ப்பாளை, தன் நெஞ்சு உயரத்துக்கு வைத்து, திருகாணி முறுக்கினார்.

உம்மாவோடு வந்திருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. மெல்ல உள்ளே போய்க் கையை உயர்த்திப் பார்த்தது. எட்டவில்லை. நுனிக்காலில் நின்றது. அப்போதும் எட்டவில்லை.

முஹ்ஸின் அதைக் கண்டார். திருகாணிகளைத் திரும்பக் கழற்றினார். குந்தி உட்கார்ந்து, “இஞ்ச வாங்க புள்ள. கையை வையுங்க” என்றார். பிள்ளை கை வைத்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு கீறி, தாழ்ப்பாளை அங்கே பூட்டினார். பழைய துளைகளை ரெசின் வைத்து அடைத்தார்.

“மக” என்று றிஃப்னாவைக் கூப்பிட்டார். “உள்ள போய்ப் பூட்டிப் பாருங்க.”

றிஃப்னா உள்ளே போனாள். நீலக் கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. முஹ்ஸின் வெளியில் நின்று கதவைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

“உள்ள வெளிச்சம் இருக்கா?”

“இருக்கு வாப்பா. மேல இடைவெளியால வருது.”

“ஆரையும் தெரியுதா?”

உள்ளே கால் மாறுகிற சத்தம் கேட்டது. அவள் நாலு பக்கமும் பார்க்கிறாள் போலும்.

“ஒருத்தரையும் தெரியல்ல” என்றாள் றிஃப்னா.

முஹ்ஸின் வேலை ஆயுதங்களைச் சாக்கில் எடுத்துக்கொண்டு அந்த இடத்தை விட்டு விலகிக் கிணற்றடிக்கு நடந்தார். கதவுக்கு முன்னால் சின்னவர்களும் பெரியவர்களுமாகப் பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்து, பூட்டிப் பார்க்க வரிசையில் நின்றார்கள். மண்வெட்டியோடு நின்ற றம்ஸியா அவர்களுக்குப் பின்னால் ஸஃப்னா டீச்சரும் போய் நிற்பதைக் கண்டாள்.